ஆங்கிலம் பழகுவோம்: ‘என்னைப் பார்த்துச் சிரிச்சார்’



கோலா தெர்லாவில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும், ஆலய மண்டபத்திலேயே ஒரு மணி நேரம் ஆங்கிலம் பழகுகிறோம். அங்கே ஒரு தங்கச்சி சொன்ன கதைதான் இந்த மாதப் பாடம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எஸ்.பி.எம். முடித்த கையோடு ஒரு தங்கும் விடுதியின் முகப்பில் வேலை. மூன்றாவது நாள், வெளிநாட்டுப் பயணி ஒருவர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அன்பாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். மேற்பார்வையாளர் ஒரு சீனப் பெண்மணி. விருந்தினர் எப்படி என்று புலனத்தில் கேட்டிருக்கிறார். நம் தங்கச்சியின் பதில்: “ஹீ லாஃப்ட் அட் மீ.”

அடுத்த நிமிடம் அந்த அம்மா ஓடி வந்துவிட்டார். என்ன கேலி பண்ணான், புகார் எழுதணுமா என்று ஒரே பரபரப்பு. இவருக்கோ ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அந்த அம்மா மலாயில் கேட்டார்: “டியா சென்யும், அத்தாவ் கெத்தாவாக்கான் அவாக்?” அப்போதுதான் விளங்கியது. “சென்யும், சென்யும்!” என்றாராம்.

விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம், ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை என்றார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு சொல் மாறியதற்கு ஒரு பிள்ளை ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டது. அதனால் இந்தச் சிரிப்பை மட்டும் இன்றைக்குச் சரியாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

தவறு எங்கே? தமிழில் ‘பார்த்துச் சிரித்தார்’ என்றால் அன்பாகச் சிரித்ததும் அதுதான், கேலியாகச் சிரித்ததும் அதுதான். சொல்கிற குரலை வைத்து நாம் புரிந்துகொள்வோம். புன்னகை, முறுவல் என்று தனிச் சொற்கள் இருந்தாலும் வீட்டில் யாரும் “அத்தை என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்” என்று பேசுவதில்லை. “சிரிச்சாங்க” என்பதுதான் பேச்சு. ஆங்கிலத்தில் சத்தமில்லாத சிரிப்பு ‘ஸ்மைல்’, சத்தம் வந்தால் ‘லாஃப்’. மலாயில் சென்யும், கெத்தாவா என்று பிரிப்பது போலத்தான். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேறுபாடுதான் இது! ஆங்கிலம் பேசும்போது குழம்பினால், மனத்துக்குள் மலாயில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சென்யும் என்று வந்தால் ஸ்மைல்.

அடுத்தது ‘அட்’ என்ற குட்டிச் சொல். ‘ஸ்மைல்ட் அட் மீ’ என்றால் நட்பு. ‘லாஃப்ட் அட் மீ’ என்றால் என்னைக் கேலி செய்து சிரித்தார். ஆனால் ‘லாஃப்ட் அட் மை ஜோக்’ என்றால் நல்லதுதான், நகைச்சுவையை ரசித்தார் என்று பொருள். ஆளைச் சொன்னால் ஏளனம், பேச்சைச் சொன்னால் ரசனை. என்னோடு சேர்ந்து சிரித்தார் என்று சொல்ல ‘லாஃப்ட் வித் மீ’.

இனி சத்தத்துக்கு வருவோம். தமிழில் நமக்கு வினை ஒன்றுதான், சிரி. அதற்கு முன்னால் ஓசையைச் சேர்க்கிறோம்: களுக்கென்று, கலகலவென்று, குபீரென்று, கெக்கெக்கேயென்று. ஆங்கிலத்தில் ஓசையைத் தனியாகச் சேர்ப்பதைவிட வினையையே மாற்றுவதுதான் வழக்கம். நம் பிள்ளைகள் கட்டுரையில் ‘சின்னச் சத்தத்தில் லாஃப் பண்ணாள்’ என்று சுற்றி வளைத்து எழுதுவது இது தெரியாததால்தான். வகுப்பில் பின்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு களுக் களுக் என்று சிரிப்பது ‘கிகில்’. தாத்தா பழைய தோட்டக் கதையை நினைத்து, தொண்டைக்குள்ளேயே மெல்லச் சிரித்துக்கொள்வது ‘சக்கில்’. கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற வெடிச்சிரிப்பு ‘கஃபா’. இது ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல், சொல்லும்போதே அந்தச் சத்தம் கேட்கும். நாடகத்தில் சூனியக்காரி சிரிப்பது ‘கேக்கில்’. கோழி கொக்கரிப்பதற்கும் இதே சொல்தான், அதனால் உங்கள் அத்தை சிரிப்பதற்கு இதைப் போடாதீர்கள். குபீரென்று சிரித்தேன் என்பதற்கு ‘பர்ஸ்ட் அவுட் லாஃபிங்’ நன்றாகப் பொருந்தும். ‘சார்ட்டில்’ என்று ஒன்று இருக்கிறது. லூயிஸ் கேரல் 1871-ல் ஆலிஸ் கதையின் இரண்டாம் புத்தகத்தில் புதிதாக உருவாக்கிய சொல் அது. சக்கில் என்பதையும் மூக்கால் விடுகிற ‘ஸ்னார்ட்’ என்பதையும் சேர்த்துப் பிசைந்தார் என்பார்கள். ஒரு மனிதர் விளையாட்டாகச் செய்த சொல் இன்று அகராதியில் உட்கார்ந்திருக்கிறது.

சத்தமில்லாத சிரிப்பில்தான் ஆபத்து அதிகம். பல் தெரியச் சிரிப்பது ‘கிரின்’. பழைய ஆங்கிலத்தில் அது வலியிலோ கோபத்திலோ பல்லைக் காட்டுவது. இப்போது பெரும்பாலும் மகிழ்ச்சிதான். நம் ஊரில் “என்னடா பல்லைக் காட்டுற” என்பார்களே, அதற்குக் கொஞ்சம் பக்கம். முகமெல்லாம் மலர்ந்தால் ‘பீம்’. ‘ஸ்மர்க்’ என்ற சொல்லில் கவனம். பழங்காலத்தில் அது வெறும் புன்னகை. இன்றைக்கு, ‘எனக்கு எல்லாம் தெரியும், உனக்கென்ன தெரியும்’ என்று உதட்டோரத்தில் காட்டுகிற திமிர். அகராதியில் ஒருவகைப் புன்னகை என்று மட்டும் பார்த்துவிட்டு, ஒரு தம்பி தன் அம்மாவைப் பற்றிய கட்டுரையில் ‘மை மதர் ஸ்மர்க்ட்’ என்று எழுதிவிட்டான். நல்லவேளை, அம்மா படிக்கவில்லை. ‘ஸ்னியர்’ இன்னும் மோசம், அது வெறுப்போடு கூடிய ஏளனம். மறைவாகச் சிரிக்கிற நமட்டுச் சிரிப்புக்கு ‘ஸ்னிக்கர்’. அந்தப் பெயருள்ள சாக்லேட்டை நினைத்துக்கொண்டால் மறக்காது.

நம் முன்னோர் மட்டும் இதைப் பிரிக்காமலா விட்டார்கள்? தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையை வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் சிரிப்பை ஆறாக்கி, உயர்ந்தோர், நடுத்தரத்தார், தாழ்ந்தோர் என்று ஆளுக்கு இரண்டாகப் பங்கிடுகிறது. பல் தெரியாத மெல்லிய முறுவல் உயர்ந்தோருக்காம். இந்தப் பங்கீடு எனக்கு உடன்பாடில்லை. தேயிலைக் காட்டில் வேலை செய்த என் பாட்டி சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதைத் தாழ்ந்த சிரிப்பு என்று எந்த சாஸ்திரம் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தச் சொற்கள் நம் ஆலயத்திலும் தேவைப்படும். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி ஆலயத்துக்குச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள், கதை கேட்கிறார்கள். முருகனின் முகத்தைக் காட்டிச் சொல்லும்போது ‘ஸ்மைல்’ என்று சொல்லுங்கள். ‘கிரின்’ வேண்டாம். சிவபெருமான் சிரித்தே மூன்று புரங்களையும் எரித்த திருவதிகைக் கதையைச் சொல்ல நேர்ந்தால், ‘லாஃப்ட்’ என்றும் சொல்லலாம், ‘ஸ்மைல்ட்’ என்றும் சொல்லலாம். ‘கிகில்ட்’ என்றால் கதையே கெட்டுவிடும்.

எழுத்து விஷயம் இரண்டு. ‘லாஃப்’ என்பதை எண்ணலாம், அதனால் ‘எ லாஃப்’ என்பது சரி. ‘லாஃப்டர்’ எண்ண முடியாதது, தண்ணீர் மாதிரி. ‘எ லாஃப்டர்’, ‘லாஃப்டர்ஸ்’ இரண்டும் தப்பு. எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளின் கடைசிக் கட்டுரை, அந்த 200 முதல் 250 சொல் எழுதுவது இருக்கிறதே, அதில் கதை எழுதும் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. இன்னொன்று: லாஃப்டர் என்று எழுதி முன்னால் ஒரு எஸ் போட்டால் ஸ்லாட்டர், அதாவது வெட்டிக் கொல்வது. எழுத்து ஒன்றுதான் கூடுகிறது, உச்சரிப்போ முழுக்க மாறிப்போகிறது. ஏன் என்று கேட்காதீர்கள் லா, ஆங்கிலம் அப்படித்தான்.

புலனத்தில் எல்.ஓ.எல். போடுவது நண்பர்களோடு இருக்கட்டும். அது ‘வாய்விட்டுச் சிரிக்கிறேன்’ என்பதன் சுருக்கம். அன்பைத் தெரிவிக்கும் சுருக்கம் என்று நினைத்து இரங்கல் செய்தியின் கீழே போட்டவர்களும் உண்டு.

பயிற்சி. இவற்றை ஆங்கிலத்தில் எழுதி அடுத்த வாரம் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். வர முடியாதவர்கள் நோட்டில் எழுதி வையுங்கள், விடை அடுத்த இதழில்.

1. டீச்சர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.
2. நான் விழுந்ததும் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
3. தாத்தா தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.
4. தங்கச்சிகள் இருவரும் பூஜை நேரத்தில் களுக்கென்று சிரித்தார்கள்.
5. மண்டபம் முழுக்கச் சிரிப்பொலி.

முதல் கேள்விக்கு விடை, விடுதியில் வேலை செய்யும் நம் தங்கச்சிக்கு இப்போது தூக்கத்தில் கேட்டாலும் வரும். அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.