அணுவின் அகம்

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் கருங்கற் குன்று ஒன்று உண்டு. அதன்மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிலைபெற்று நிற்கின்றது. காற்றும் மழையும் அலைத்தும் குலையாத அக்குன்றினைக் காண்போர், கல்லினும் திண்ணியது பிறிதில்லை என்றே எண்ணுவர். அக்கல்லினுள் பெரும்பகுதி வெற்றிடமே என்று ஒருவர் கூறின், அதனை யார் நம்புவர்? ஆயினும் அஃது உண்மை.

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை என்னும் கருத்து மிகப் பழையது. கம்பர், இரணியன் வதைப் படலத்தில், அணுவை நூறு கூறிட்ட நுண்துகளையும் குறிப்பிடுகின்றார். அது கொண்டு, அணுவின் அமைப்பைக் கம்பர் அறிந்திருந்தார் எனச் சிலர் பெருமை பேசுவர். இறைவன் எங்கும் உளன் என்பதை உணர்த்தப் புலவர் செய்த கற்பனை அது. கற்பனையின் சிறப்பு வேறு. ஆய்வுக்கூடத்தின் சிறப்பு வேறு.

மேலைநாட்டு அறிஞர் அணுவைப் பிளக்கவொண்ணாதது என்றே நெடுங்காலம் கருதினர். 1897ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஜே. தாம்சன், மிக இலேசான ஐதரசன் அணுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் எடை குறைந்த எதிர்மின் துகள் ஒன்றைக் கண்டறிந்தார். அதுவே எலக்ட்ரான். அணு முழுதும் நேர்மின்சாரம் பரவியுள்ளது என்றும், கொய்யாப்பழத்தின் சதையில் விதைகள் பதிந்திருத்தல் போல எலக்ட்ரான்கள் அதில் பதிந்துள்ளன என்றும் அவர் கருதினார்.

தாம்சனிடம் பயின்ற மாணவருள் ஒருவர் எர்னஸ்டு ரூதர்போர்டு. நியூசிலாந்து நாட்டு எளிய குடும்பத்தில் தோன்றிய இவர், 1895இல் கேம்பிரிட்ஜை அடைந்தார். யுரேனியம், தோரியம், ரேடியம் முதலிய தனிமங்கள் கதிர்களைத் தாமே உமிழ்வன. கருங்கல்லிலும் இவை சிறிதளவு உண்டு; குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் மிகுதி. இவை உமிழும் கதிர்களுள் ஒருவகை ஆல்பாத் துகள். அது நேர்மின் உடையது. எலக்ட்ரானினும் ஏழாயிரம் மடங்குக்கு மேல் எடை மிக்கது. அணுவின் உள்ளே புகுந்து பார்க்க அதனினும் ஏற்ற தூதுவன் இல்லை எனக் கண்டார் ரூதர்போர்டு.

1909ஆம் ஆண்டில் மான்செஸ்டர் ஆய்வுக்கூடத்தில் அவர்தம் துணைவர் கைகரும், இருபது வயது மாணவர் மார்ஸ்டெனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மீது ஆல்பாத் துகள்களைச் செலுத்தினர். துகள் ஒன்று துத்தநாக சல்பைடு பூசிய திரையில் விழுந்தால், ஒரு சிறு ஒளிப்பொறி தோன்றும். அதனைக் காண்பதற்கு இருட்டறையில் அரைமணி நேரம் அமர்ந்து கண்ணைப் பழக்குதல் வேண்டும். பின்னர் நுண்பெருக்கியின் வழியே நோக்கிப் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணுதல் வேண்டும். கண் விரைவில் களைத்துவிடும். ஆதலின் சிறிது நேரம் எண்ணுவதும் சிறிது நேரம் ஓய்வதுமாகப் பணி நடந்தது.

துகள்கள் பெரும்பாலும் நேரே ஊடுருவிச் சென்றன. எனினும், பிளாட்டினத் தகட்டில் ஏறக்குறைய 8000 துகள்களுள் ஒன்று வந்த வழியே திரும்பியது! வைக்கோற்போரில் எய்த அம்பு எய்தவன்மீதே திரும்பிப் பாய்வது ஒக்கும் இது. இத்தகையது எதுவும் நிகழும் என ரூதர்போர்டு எதிர்பார்க்கவில்லை. பிறராயின், எண்ணாயிரத்தில் ஒன்றுதானே என ஒதுக்கியிருத்தலும் கூடும். அவரோ ஏறத்தாழ ஈராண்டு அதனையே சிந்தித்தார். நேர்மின் அணு முழுதும் பரவியிருப்பின் இவ்வளவு வலிமையாக எதிர்க்க இயலாது. அது மிகச் சிறிய நடுவிடத்தில் திரண்டிருத்தல் வேண்டும். அணுவின் எடையெல்லாம் அங்கேயே அடங்கியிருத்தல் வேண்டும். இம்முடிவினை 1911இல் வெளியிட்டார். அந்நடுவிடமே உட்கரு. கைகரும் மார்ஸ்டெனும் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட ஒளிப்பொறிகளை எண்ணி, 1913இல் இதனை உறுதிசெய்தனர்.

உட்கரு எத்துணைச் சிறியது? பொன்னணு ஒன்று அரைக் கிலோமீட்டர் அகலமாகப் பருத்தது எனக் கொள்வோம். பனமலைக் கோயிற் கருவறையில் வைத்த ஒரு நெல்லிக்காயே அதன் உட்கரு. குன்றினையும் கீழுள்ள நிலத்தினையும் சூழ்ந்த வெளியெல்லாம் எலக்ட்ரான்கள் உலவும் இடம். அங்ஙனமாயின் கல்லினுள் கை புகாதது ஏன்? கையிலும் கல்லிலும் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்கவொட்டாமல் தடுத்தலே காரணம்.

பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலை, நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூல் கூறும். ரூதர்போர்டு செய்தது அதுவே. அவர் களைந்தது தம் ஆசிரியரின் கொள்கை. களைவதற்கு அவர் கொண்ட துணை, இருளில் அமர்ந்து எண்ணிய பொறிகளே.

அவர் கொள்கையிலும் இடர்ப்பாடு இருந்தது. சுழலும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து உட்கருவில் வீழ்ந்துவிடல் வேண்டுமே! டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் போர், குறித்த சில நிலைகளில் மட்டுமே எலக்ட்ரான்கள் இயங்கும் என 1913இல் கூறி, அதற்கு விடை காண முயன்றார். அவர் வகுத்த பாதைகளும் பின்வந்தோரால் திருத்தப்பட்டன. உட்கருவிலுள்ள நேர்மின் துகளாகிய புரோட்டானை ரூதர்போர்டே 1919இல் வெளிப்படுத்தினார். மின்னில்லாத நியூட்ரானை அவர் மாணவர் சாட்விக் 1932இல் கண்டார்.

தாம்சன் கேம்பிரிட்ஜில் வகித்த பேராசிரியர் பதவி, 1919ஆம் ஆண்டில் ரூதர்போர்டுக்கே வந்தது. 1937இல் மாணவர் மறைந்தார். 1940இல் ஆசிரியர் மறைந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில், நியூட்டன் கல்லறைக்கு அருகே, இருவர் சாம்பலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.