வெண்மை கண்டு வாங்கலாமா? தேங்காய்ப்பூ மிட்டாய் தந்த பாடம்

குழந்தைகளுக்கு மாலைச் சிற்றுண்டி தேடும் தாய்மார் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. பண்டம் மலிவாக இருத்தல் வேண்டும்; குழந்தை விரும்பி உண்ணுதல் வேண்டும்; நம் அறத்திற்கும் ஒத்ததாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் முதலிரண்டை மட்டும் நோக்கி மூன்றாவதை மறந்த நிகழ்ச்சி ஒன்று நமக்கே நேர்ந்தது. அதனையே இவ்விதழின் பாடமாகக் கொள்வோம்.

சென்ற கோடை விடுமுறையில் தேனி மாவட்டம் உத்தமபாளையம் சென்று, அங்குள்ள பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கினோம். பின்னர்ப் பேரப்பிள்ளைகளுக்கு ஏலமலைச் சரிவுகளைக் காட்டும் விருப்பத்தோடு போடிநாயக்கனூர் வந்தோம். குழந்தைகள் பசி என்றனர். கடையொன்றில் பஞ்சு போன்ற வெண்ணிற மிட்டாய், தேங்காய்ப்பூ தூவிய நிலையில் சிறு பொட்டலமாகத் தொங்கியது. விலை பத்தே ரூபாய். "நம் தேங்காய்ப் பர்பி போன்றதுதான்" என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்காமலேயே வாங்கிக் கொடுத்தோம்.

போடிமெட்டு செல்லும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்த பேத்தி, "பாட்டி, இதில் பழுப்பு முக்கோணம் இருக்கிறதே, நாம் உண்ணலாமா?" என்று கேட்டாள். அதற்குள் இரண்டு மிட்டாய்களை உண்டிருந்தாள். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பல்லாண்டுகள் பாடம் நடத்திய நமக்கு, அவ்வினாவிற்கு உடனே விடை கூற நா எழவில்லை.

அம்மிட்டாயின் பெயர் மார்ஷ்மெல்லோ. அப்பெயருடைய செடியின் வேர்ச்சாற்றைக் கொண்டு முற்காலத்தில் இதனைச் செய்தனர். இன்று பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. சருக்கரைப் பாகை நுரைக்க அடித்து, அந்நுரை அமுங்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் ஜெலட்டின் சேர்க்கின்றனர். மாடு, பன்றி முதலியவற்றின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்திப் பிரித்தெடுப்பதே ஜெலட்டின். உடலின் வெப்பத்திலேயே அது உருகிவிடும். மிட்டாய் வாயில் கரைவதன் காரணம் இதுவே. நிறமும் மணமும் அற்றதாதலின், நாவினால் அதனை அறிய இயலாது. எழுத்தினால்தான் அறிய இயலும்.

ஆகவே பொட்டலத்தைப் படிக்கும் முறையைக் கற்போம். 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, சதுரத்தினுள் பச்சை வட்டம் சைவத்தையும், பழுப்பு முக்கோணம் அசைவத்தையும் குறிக்கும். சேர்மானப் பட்டியலில் 428 என்னும் எண் ஜெலட்டினையும், 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் செந்நிறத்தையும் குறிக்கும். 406 என்பது கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர். இத்தகைய தாவரப் பொருள்களைக் கொண்டு செய்த மார்ஷ்மெல்லோவும் கடைகளில் உண்டு.

பச்சை வட்டத்தைக் கண்டவுடன் நம் கடமை முடிந்ததாக எண்ணிவிடலாகாது. அதே விதிகள் தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றை அசைவத்தில் சேர்க்கவில்லை. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரமோ, இல்லறத்தார் விலக்க வேண்டியவற்றுள் கள், ஊன் என்பவற்றோடு தேனையும் வைக்கிறது. எனவே அரசின் குறியீடு நமக்கு முதல் வாயில் மட்டுமே. பட்டியலையும் படித்தாக வேண்டும்.

பேத்தி கண் கலங்கி, "எனக்குப் பாவமா?" என்றாள். கவனமின்மையால் உயிர்க்குத் துன்பம் செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. "நீ அறியாது உண்டாய், அறிந்தவுடன் நிறுத்தினாய். கவனமின்மை பாட்டியுடையது" என்றோம். அன்று மாலை உணவை நாம் விட்டோம். குழந்தையைக் கடிந்திருந்தால், அடுத்த முறை அவள் குறியீட்டைக் கண்டாலும் வாய் திறந்திருக்க மாட்டாள்.

மிட்டாயை மறுத்தால் மாற்று ஒன்று தருதல் வேண்டும். போடி, ஏலக்காய் ஏலம் நடைபெறும் ஊர். பெரிய பச்சைக் காய்க்கே விலை மிகுதி. சிறியதும் வெடித்ததும் விலை குறைந்தவை. பண்டம் செய்ய அவையே போதும். மணம் விதையில் உள்ளது.

கடல்பாசி 10 கிராம் எடுத்துக் கால் மணி நேரம் ஊறவைக்கவும். இரண்டு டம்ளர் நீரில் அது முற்றும் கரையும்வரை கொதிக்கவைக்கவும். 150 கிராம் சருக்கரை சேர்த்துக் கரைந்ததும் இறக்கி, வெதுவெதுப்பான கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளரும் நான்கு ஏலக்காயின் பொடியும் கலந்து தட்டில் ஊற்றவும். குளிர்பெட்டி இன்றியே இறுகிவிடும். துண்டுகளாக நறுக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டி, அன்றே பொழுது சாயுமுன் உண்டு முடிக்க வேண்டும். மார்ஷ்மெல்லோவின் பஞ்சுத்தன்மை இதற்கு வாராது. ஆயினும் வெண்மையும் குளிர்ச்சியும் உண்டு. கடற்பாசியையும் விலக்கும் நோன்புடையோர்க்குத் தேங்காய்ப் பர்பியே உகந்தது. ஊர் திரும்பியதும் இதனைச் செய்தோம். தட்டு விரைவில் காலியாயிற்று.

பயிற்சி:

1. உங்கள் வீட்டிலுள்ள மூன்று தின்பண்டப் பொட்டலங்களின் சேர்மானங்களைக் குழந்தையைக் கொண்டே உரக்கப் படிக்கச் செய்க.

2. பச்சை வட்டம் இருந்தும் நாம் விலக்க வேண்டிய பொருள் அவற்றில் உண்டா எனக் காண்க.

3. கடைக்குச் செல்லும் பெரியவர்கள் மூக்குக்கண்ணாடியை மறவாது எடுத்துச் செல்க. இம்மூன்றாவது பயிற்சி முதற்கண் நமக்கே உரியது.