படத்தைப் பார்த்து என்ன சொல்லலாம்?

பெங்களூரில் லால்பாக் என்று ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. 240 ஏக்கர். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். உள்ளே ஓர் ஏரி. ஏரியில் நீர்க்காகம் முங்கி எழும். கூழைக்கடா வரும். கரை மரங்களில் மீன்கொத்தி, கிளி, அணில்.

காலை நேரத்தில் போனால் அங்கே படம் எடுப்பவர்களைப் பார்க்கலாம். எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. சிலர் கையில் செல்போன். சிலர் கையில் பழைய கேமரா. யாரும் இதில் சம்பாதிப்பதில்லை. ஆசைக்கு எடுக்கிறார்கள்.

எடுத்த பிறகு என்ன செய்வார்கள்? பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள்.

"சூப்பர்!" என்பார் அவர்.

சரி. இந்த ஒரு சொல்லால் படம் எடுத்தவருக்கு என்ன கிடைத்தது? சந்தோஷம் கிடைத்தது. வேறு ஒன்றும் இல்லை. குழம்பு வைத்தவர் "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். "புளி கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னால் அடுத்த முறை குறைத்துப் போடுவார். படமும் அப்படித்தான்.

ஓர் ஆட்டோ ஓட்டுநர் மீன்கொத்தியைப் படம் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். காலை 7 மணி. பறவை கிளையில் உட்கார்ந்திருக்கிறது. வாயில் மீன். ஆனால் படத்தில் பறவை கறுப்பாக வந்துவிட்டது. நண்பர்களிடம் காட்டினார்.

"என்னண்ணா இது, காக்காயா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை.

அங்கே வேறொருவர் இப்படிக் கேட்டிருந்தால்?

"அண்ணா, மீனைப் பிடிச்ச நேரத்துல சரியா எடுத்திருக்கீங்க. ஆனா அதோட நீலம் தெரியலையே. சூரியன் எந்தப் பக்கம் இருந்தது?"

"எனக்கு எதிர்ல. பறவைக்குப் பின்னால."

"அதனாலதான் கறுத்துப்போச்சு. நாளைக்கு அந்தப் பக்கமா சுத்திப் போய் நின்னு பாருங்க."

இந்தப் பேச்சைக் கவனியுங்கள். முதலில் படத்தில் நன்றாக இருப்பதைச் சொன்னார். சும்மா புகழவில்லை. எது நன்றாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு கேள்வி கேட்டார். படத்தைப் பற்றிப் பேசினார். ஆளைப் பற்றிப் பேசவில்லை. "உங்களுக்கு எடுக்கத் தெரியலை" என்பது ஆளைப் பற்றிய பேச்சு. அதைக் கேட்டு யாரும் எதையும் திருத்த முடியாது.

பறவை ஏன் கறுத்தது? பின்னால் வானம் பளிச்சென்று இருந்தது. கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி எடுத்துவிட்டது. ஜன்னல் முன்னால் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் முகம் கறுப்பாக வரும் அல்லவா? அதேதான். செல்போனில் ஒரு வழி உண்டு. திரையில் பறவையின் மேல் விரலால் தொட வேண்டும். பறவைக்கு ஏற்றபடி வெளிச்சம் மாறும். மீன்கொத்தியின் நீலத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அது சாயம் போன்ற நிறம் இல்லை. இறகின் அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நிறம். வெளிச்சம் முன்னால் இருந்து பட்டால்தான் அந்த நீலம் தெரியும்.

படத்தில் முதலில் பறவையின் கண்ணைப் பாருங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. பிறகு பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்தது போல இருந்தால் அதைச் சொல்லலாம். இரண்டு அடி தள்ளி நின்றால் போதும். கம்பம் மறைந்துவிடும்.

ஒரு பேச்சை மட்டும் விட்டுவிடலாம். "நல்ல கேமரா வாங்குங்க" என்பது. கையில் பணம் இல்லாதவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? சென்னையில் மா. கிருஷ்ணன் என்று ஒருவர் வாழ்ந்தார் (1912–1996). யானையையும் காட்டு விலங்குகளையும் படம் எடுத்தவர். கறுப்பு வெள்ளைப் படங்கள். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி வைத்திருந்தார். அரசு அவருக்கு 1970-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

இதுவரை சொன்னது படம் நன்றாக வருவதைப் பற்றி. இனிச் சொல்வது வேறு.

ஓர் இளைஞர் ஒரு படம் கொண்டுவருகிறார். கொண்டைக்குருவிக் கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள். மூன்றும் வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன. வெளிச்சம் அழகாக விழுந்திருக்கிறது. எல்லோரும் "ஆஹா" என்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். நாளைக்கே போகவேண்டும் என்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் தைப்பவர். துணியில் ஒரு தையல் விட்டுப் போனாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். அவர் படத்தின் ஓரத்தைப் பார்த்தார். ஒரு கிளை முறிந்திருந்தது. முறிந்த இடம் பச்சையாக இருந்தது.

எல்லோர் முன்னாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் கிளை முன்னாடியே முறிஞ்சிருந்ததா?"

இளைஞர் தலையைக் குனிந்தார். "மறைச்சுது அக்கா. அதான்..."

"அந்த மறைப்புக்காகத்தான் தாய்ப்பறவை அங்க கூடு கட்டுச்சு. இப்ப வெயில் நேரா குஞ்சு மேல விழும். காக்கா கண்ணுக்கும் தெரியும். நாம பக்கத்துல நின்னா தாய் இரை கொண்டுவராது. நீ இனி அங்க போகாதே. இடத்தை யாருக்கும் சொல்லாதே. இந்தப் படத்தை இனி காட்டவும் வேண்டாம்."

கோபமாகத் திட்டவில்லை. ஆனால் மழுப்பவும் இல்லை. இங்கே "முதலில் நல்லதைச் சொல்லு" என்ற வழக்கம் தேவையில்லை. இந்தப் படத்தைப் புகழ்ந்தால் நாளைக்குப் பத்துப் பேர் பத்துக் கூட்டின் கிளையை ஒடிப்பார்கள். அந்தப் புகழ்ச்சிக்குக் குஞ்சுகள் விலை கொடுக்கும். சட்டமும் இதைச் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. காட்டுப் பறவையின் முட்டையை, கூட்டைத் தொந்தரவு செய்வதும் அதில் சேரும்.

ஒரு வாரம் கழித்துத் தூரத்தில் இருந்து பார்த்தார்கள். கூடு காலியாக இருந்தது. குஞ்சுகள் பறந்தனவா, காக்கை தூக்கியதா? யாருக்கும் தெரியவில்லை.

செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பவர்களும் உண்டு. பறவை தன் இடத்துக்குப் போட்டியாள் வந்துவிட்டதாக நினைக்கிறது. இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்தாலும் "எப்படி இவ்வளவு பக்கத்துல வந்தது?" என்று கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் கூட்டைப் படம் எடுக்கவே கூடாதா? மைசூர் பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே ரங்கனதிட்டு இருக்கிறது. காவிரி நடுவில் சின்னச் சின்னத் தீவுகள். சாலிம் அலி சொன்னதன் பேரில் 1940-ல் பறவைகளுக்கான சரணாலயம் ஆனது. அங்கே படகில் இருந்து பார்க்கலாம். தீவில் கால் வைக்க விடமாட்டார்கள். மஞ்சள் மூக்கு நாரை வெயிலில் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். அந்தப் படம் படகில் இருந்தே கிடைக்கும். பறவை தன் பாட்டுக்கு இருக்கும்.

கேட்பவருக்கும் ஒரு வேலை உண்டு. யாராவது குறை சொன்னதும் "வெளிச்சம் இல்லை, நேரம் இல்லை" என்று சண்டைக்குப் போகக் கூடாது. முழுதும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்வதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம்.

பேச்சு மறந்துபோகும். எழுதி வைத்தால் நிற்கும். சிலர் படத்தை அச்சுப் போட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதுகிறார்கள். ஓர் அணில் படத்தின் பின்னால் இப்படி எழுதலாம்:

"லால்பாக் ஏரிக்கரை. காலை 8 மணி. வால் முழுதும் வந்திருக்கிறது, நன்று. கண் மங்கல். குனிந்து அணில் உயரத்துக்கு எடுத்துப் பார்க்கவும். கையில் என்ன வைத்துக் கொறிக்கிறது?"

உங்களிடம் இருக்கும் ஒரு படத்தை எடுங்கள். அதைப் பார்த்து இதைப்போல நான்கு வரி எழுதுங்கள். கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும்.