ஜூடோவில் கழுத்துப் பிடி

எதிராளியைக் கழுத்தைப் பிடித்துப் பணிய வைக்கும் முறை ஜூடோவிலும் ஜியு-ஜிட்சுவிலும் உண்டு. கேட்டவுடன் அச்சம் எழுவது இயல்பே. கீழ்பென்னாத்தூரில் வாழும் நமக்கு ஜப்பானியக் கலை எதற்கு என்று பெற்றோர் சிலர் வினவவும் கூடும். அதன் முறையையும் விதியையும் சற்று ஆராய்வோம்.

ஜிகோரோ கானோ என்பவர் பழைய ஜியு-ஜிட்சுவைச் சீர்திருத்தி, 1882-இல் ஜூடோவை நிறுவினார். 'மென்மையின் வழி' என்பது இதன் பொருள். 1929-இல் மகாகவி தாகூர், ஷின்சோ தகாகாகி என்னும் ஜப்பானிய ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். அங்கே மாணவியரும் இக்கலையைப் பயின்றனர். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ பதக்கப் போட்டியாயிற்று. மணிப்பூரின் சுசீலா தேவி 2014, 2022 காமன்வெல்த் போட்டிகளில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

இனிப் பிடியைக் காண்போம். கழுத்தின் இரு பக்கங்களிலும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் உள்ளன. முன்புறம் மூச்சுக்குழல் உள்ளது. மூச்சுக்குழலை நசுக்கினால் கடும் வலியும் காயமும் உண்டாகும். எனவே, பின்புறமிருந்து பிடிப்பவர் தம் முழங்கை மடிப்பை எதிராளியின் மோவாய்க்கு நேர்கீழே வைப்பார். அப்போது மூச்சுக்குழல் மடிப்பினுள் தப்பிவிடும். கையின் இரு பகுதிகளும் கழுத்தின் பக்கங்களை மட்டும் அழுத்தும். மார்பை எதிராளியின் முதுகோடு ஒட்டி, வெடுக்கென்று இழுக்காமல் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இதற்கு மிகுந்த பலம் தேவையில்லை. பிடி சரியாக அமைந்தால் சுமார் 10 விநாடியிலேயே மயக்கம் வந்துவிடும். பிடிபட்டவரோ மோவாயைத் தாழ்த்தி, இரு கைகளாலும் அக்கையைக் கீழே இழுத்துத் தற்காத்துக் கொள்ளலாம்.

இங்கேதான் முக்கியமான விதி வருகிறது. பிடிபட்டவர் கையாலோ காலாலோ இருமுறை தட்டினால், அக்கணமே பிடியை விட வேண்டும். அவர் தட்டாமலே தளர்ந்தாலும் விட்டுவிட வேண்டும். தட்டுவதில் இழிவில்லை, தட்டியபின் விடாதிருப்பதே இழிவு. பல நாடுகளில் சிறுவர் போட்டிகளில் இப்பிடிக்கு அனுமதியே இல்லை.

ஆகவே, தோழியரே! பயிற்சி பெற்ற ஆசிரியர் முன்னிலையிலன்றி இதைச் செய்து பார்க்காதீர்கள். வீட்டிலோ விடுதியிலோ விளையாட்டாகக்கூடத் தம்பி தங்கையரின் கழுத்தில் கை வைக்க வேண்டாம். அது உயிருக்கே உலை வைக்கும்.

தூய ஆவியின் கனிகளுள் தன்னடக்கமும் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். இறுக்கும் ஆற்றல் கையில் இருக்கும்போதே விட்டுவிடும் மனமும் வேண்டும். அம்மனத்தையே முதலில் பயில்வோமாக!