ஆய்வகம் யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை

நம்பிக்கை: டி.என்.ஏ. பொருந்திவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

2007 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய காரில் வேறொரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. 1993இல் நடந்த ஒரு கொலை தொடங்கி ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளில், சுமார் நாற்பது குற்ற இடங்களில் எடுத்த மாதிரிகளிலும் அதே டி.என்.ஏ. இருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 3 லட்சம் யூரோ என்று அறிவித்தார்கள்.

2009இல் உண்மை வெளிவந்தது. அப்படியொரு கொலைகாரியே இல்லை. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண் ஒருவரின் டி.என்.ஏ. அது. குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் கிருமியைக் கொல்லும் முறை டி.என்.ஏ.வை அழித்துவிடாது.

இதில் ஆய்வகத்தின் பகுப்பாய்வு துளியும் பிசகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது யாருடையது என்பதற்கு மட்டுமே டி.என்.ஏ. விடை தருகிறது. எப்போது வந்தது, எப்படி வந்தது, வந்தவர் என்ன செய்தார் என்பதையெல்லாம் விசாரணைதான் கண்டுபிடிக்க வேண்டும். முந்தின நாள் வந்து காபி குடித்துவிட்டுப் போன உறவினரின் டி.என்.ஏ.வும் டம்ளரில் இருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டி.என்.ஏ.வைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையை உருவாக்கிய அலெக் ஜெஃப்ரீஸ், 1980களில் இங்கிலாந்தில் அதை முதன்முதலாக ஒரு கொலை வழக்கில் கையாண்டபோது, அது முதலில் செய்த வேலை, போலீசாரிடம் வாக்குமூலமே கொடுத்திருந்த ஓர் இளைஞர் நிரபராதி என்று காட்டியதுதான். இந்த அறிவியலின் பெருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

நம்பிக்கை: கைரேகையில் தவறே வராது.

உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் வகைப்படுத்தும் முறைக்குப் பின்னால் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு இருந்தது. முறை வலுவானதுதான். ஆனால் குற்ற இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் மங்கிய, அரைகுறை ரேகை. அதை ஒப்பிட்டு முடிவு சொல்வது மனிதக் கண். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை, அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். அது அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டறிந்த பிறகு எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது.

நம்பிக்கை: என்ன விஷம் என்று பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டருக்கு உடனே தெரியும்.

தெரியாது. இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் முதலியவற்றில் ஒரு பகுதியைப் பெரும்பாலும் சாதாரண உப்புக் கரைசலில் இட்டு, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். எந்த விஷம் என்று அங்கேதான் பிரித்தறிகிறார்கள். மெட்ராஸில் 1849இல் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தொடக்கம்.

நம்பிக்கை: தடய அறிவியலாளர் துப்பாக்கியோடு கொலைகாரனைத் துரத்துவார்.

சினிமாவில் மட்டும். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் பேராசிரியர் சந்திரசேகரன் கையாண்டவை சிதறிய துணித் துண்டுகளும் ஒயர்த் துண்டுகளும். குண்டு பூங்கொத்திலோ மேடையிலோ இல்லை, ஒரு பெண்ணின் உடலில் கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்கு அவற்றைப் பொருத்திப் பார்த்துத்தான் அவர் வந்தார். பொறுமைதான் அந்த வேலை.

நம்பிக்கை: ஆய்வக அறிக்கையில் எதுவும் இல்லையென்றால் பாலியல் வன்முறையே நடக்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமையான நம்பிக்கை இது. பாதிக்கப்பட்ட எத்தனையோ பெண்களைப் பொய்க்காரிகளாக்குகிறது. குளித்திருக்கலாம், நாட்கள் கடந்திருக்கலாம், மாதிரியைச் சரியாக எடுக்காமல் விட்டிருக்கலாம், குற்றவாளி ஆணுறை அணிந்திருக்கலாம். தடயம் கிடைக்கவில்லை என்று மட்டுமே அந்த அறிக்கைக்குப் பொருள்.

குளித்தாகிவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயனில்லை என்று வீட்டார் நினைப்பதும் தவறு. சம்பவம் நடந்து 96 மணி நேரம் வரை உடலிலிருந்து மாதிரி எடுக்கலாம் என்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்கள். போலீஸ் புகார் கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்க வேண்டாம். ஈரமாக பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். நிழலில் உலரவிட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.