பரிசாக ஒரு சமையல் நூல்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! இனிப்புப் பொட்டலத்தோடு ஒரு நூலையும் எடுத்துச் செல்லுங்கள்; ஆனால், யாருக்கு என்பதை எண்ணிப் பாருங்கள்.

சென்ற தீபாவளிக்கு என் தங்கைக்காக மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிச் சென்றேன். 1951-இல் வெளிவந்த அந்நூலை மணப்பெண்ணுக்குப் பரிசளிப்பது பல வீடுகளில் வழக்கம். அவளோ புரட்டிப் பார்த்துவிட்டு, “விடுதிச் சோற்றைப் பற்றி வாரந்தோறும் புலம்புவது நீதானே, அண்ணா?” என்று என்னிடமே நீட்டினாள். நான் கொடுத்தது பரிசா, வேலைக் கட்டளையா என்பது அப்போதுதான் உறைத்தது.

நூலோடு திரும்பினேன். முதல் நாளே திகைப்பு! மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-இல். நூல் அதற்கு மூத்தது. அதில் அளவு ஆழாக்கு. படியில் எட்டில் ஒரு பங்கு என்று தெரியும். ஆய்வுக்கூடத்தில் துளித்துளியாக அளந்து பழகிய என்னிடம் ஆழாக்கு ஏது? தொலைபேசியில் அம்மா சிரித்தாள்: “ஒரு டம்ளரை எடுத்துக்கொள். அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் அதிலேயே அள.” விகிதத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. வெண்பொங்கல் வந்தது, உப்புத்தான் சற்றுக் கூடுதல்.

வரும் பொங்கலுக்கு என் அறைத்தோழனுக்கு இந்நூலையே வாங்கி வைத்திருக்கிறேன். உடன் ஒரு பித்தளை ஆழாக்கும்.