வருமுன் காக்கும் காப்பீடு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முதுமொழி. அச்செல்வத்தைக் காக்கும் வழிகள் இரண்டு. நோய் வந்தபின் மருந்துண்டு தீர்த்துக்கொள்ளுதல் ஒன்று. நோய் வாராமல் தடுத்தலும், வந்துவிடின் முளையிலேயே கண்டு களைதலும் மற்றொன்று. இரண்டாவது வழியே சிறந்தது என்பதை மறுப்பார் இலர். ஆயினும், வலி தோன்றுமுன் மருத்துவரை நாடுவோர் மிகச் சிலரே. மக்களிடம் காணப்படும் இக்குறை, மக்களைக் காக்க ஏற்பட்ட மருத்துவக் காப்பீட்டிலும் நெடுங்காலம் இருந்துவந்தது. அக்குறை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு நீங்கத் தொடங்கிற்று என்பது அறியத்தக்க வரலாறாகும்.

காப்பீடு என்பது பலர் கூடி ஒருவர் சுமையைத் தாங்கும் ஏற்பாடு. ஆயிரம் பேர் ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பொதுநிதியிற் செலுத்துகின்றனர். அவருள் சிலரே நோயுறுகின்றனர். அச்சிலருடைய செலவை அந்நிதி ஏற்கின்றது. நோயுறாதவர் கொடுத்த பொருளும் வீணாவதில்லை. நாளை தமக்கு இடர் நேரின் தாங்குவார் உளர் என்னும் அமைதியை அவர் பெறுகின்றனர். 1883 ஆம் ஆண்டில், பிஸ்மார்க்கு தலைமையமைச்சராக இருந்தபோது, செர்மனியில் தொழிலாளர்க்கெனக் கட்டாய நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளரும், எஞ்சிய ஒரு பங்கை முதலாளிகளும் செலுத்தினர். நோயுற்ற தொழிலாளி மருத்துவமும் மருந்தும் பெற்றான். வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு உதவித்தொகையும் பெற்றான். நாடுகள் பலவற்றுக்கு வழிகாட்டிய அச்சட்டம் போற்றத்தக்கதே. ஆனால், நோய் வந்த பின்னரே அதன் கை நீண்டது. குழந்தைகளுக்கும் புற்றுநோய்க்கும் உரிய முன்சோதனைகள் அந்நாட்டுக் காப்பீட்டின் கடமைகளானது 1971 ஆம் ஆண்டிலேதான்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறும் இத்தகையதே. 65 வயது நிரம்பியோர்க்காக 1965 ஆம் ஆண்டில் அந்நாடு மெடிகேர் என்னும் அரசாங்கக் காப்பீட்டை நிறுவியது. வழக்கமான உடற்சோதனைகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் அச்சட்டம் பணம் தர மறுத்தது. 1977 இல் நிமோனியாவைத் தடுக்கும் ஊசி ஒன்று அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. எனினும், 1981 வரையில் மெடிகேர் அதன் செலவை ஏற்கவில்லை. முதியவர் ஒருவர் நிமோனியாவால் மருத்துவமனையிற் கிடந்தால் பெருந்தொகை கிடைக்கும். அந்நோய் வாராமல் தடுக்கும் ஊசிக்கோ ஒரு காசும் கிடைக்காது! வெள்ளம் வந்தபின் படகு தருவோம், வருமுன் அணைபோடத் தாரோம் என்பது போன்றது அந்நிலை.

தனியார் காப்பீட்டுக் கழகங்கள் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்நாட்டில் மிகப் பலர் தாம் வேலை செய்யும் நிறுவனத்தின் வாயிலாகவே காப்பீடு பெறுகின்றனர். வேலை மாறினால் காப்பீடும் மாறும். இன்று ஒரு கழகம் செய்யும் சோதனையால் பத்தாண்டுக்குப்பின் வரும் நோய் தடுக்கப்படலாம். ஆனால் அப்போது அம்மனிதர் வேறொரு கழகத்தில் இருப்பார். ஒருவர் நட்ட மரத்தின் கனியை மற்றொருவர் உண்பதாயின், மரம் நட யார் முன்வருவார்? ஆதலின், எல்லாரும் நட்டே ஆகவேண்டும் என்று சட்டம் விதிப்பது வேண்டியதாயிற்று.

மக்களின் தயக்கத்தையும் அறிஞர் ஆராய்ந்தனர். ராண்டு என்னும் ஆராய்ச்சி நிறுவனம் 1970 களிலும் 1980 களின் தொடக்கத்திலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களைக் கொண்டு ஒரு பெருஞ்சோதனை நடத்தியது. சில குடும்பங்கள் மருத்துவத்தை முற்றிலும் இலவசமாகப் பெற்றன. பிற குடும்பங்கள் செலவில் ஒரு பகுதியைத் தாமே கொடுத்தன. பணம் கொடுக்க நேர்ந்தவர் மருத்துவரிடம் செல்வதைக் குறைத்துக்கொண்டனர். வீண் மருத்துவத்தை மட்டும் அவர் குறைத்திருப்பின் நன்றே. பயனுள்ள மருத்துவத்தையும் பயனற்றதையும் ஏறத்தாழ ஒரே அளவில் அவர்கள் குறைத்துக்கொண்டனர். உயர்ந்த இரத்த அழுத்தமுடைய ஏழையரோ, இலவச மருத்துவம் பெற்றபோது தம் அழுத்தத்தை மேலும் நன்கு அடக்க முடிந்தது. வாயிலில் வாங்கும் சிறு கட்டணமும் ஏழைக்குப் பெரும் மதிலாகும் என்பது இதனால் விளங்கும்.

கொடிய நோய்கள் பல ஓசையின்றி வருவன. இரத்த அழுத்தம் உயர்ந்தவர்க்குப் பல்லாண்டு யாதொரு துன்பமும் தோன்றாதிருக்கலாம். பின்னர் ஒருநாள் இதயமோ மூளையோ தாக்குண்ணும். பெருங்குடலிற் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு சிறு தசைமுளையாகவே தொடங்கும். அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டளவு செல்லும். அதற்குள் கண்டு நீக்கிவிட்டால் அம்முளையிலிருந்து புற்று எழாது. கருப்பைவாய்ப் புற்றும் இவ்வாறே மெல்ல வளர்வது. உயிரணுக்களின் மாற்றத்தைச் சோதனையால் முன்னரே அறியலாம். இயற்கை இவ்வாறு நீண்ட தவணை கொடுத்தும், கட்டணத்துக்கு அஞ்சி மனிதன் அதனை இழப்பது எத்துணைக் கொடுமை!

இக்கொடுமையைக் குறைக்க 2010 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள், குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா ஒரு மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் ஒரு பிரிவு, வருமுன் காக்கும் பணிகள் பலவற்றின் முழுச்செலவையும் தனியார் காப்பீட்டுக் கழகங்களே ஏற்கவேண்டும் என்றது. குழந்தைகளின் தடுப்பூசிகள், இரத்த அழுத்தச் சோதனை, பெருங்குடல், கருப்பைவாய், மார்பகம் ஆகியவற்றின் புற்றுநோய்ச் சோதனைகள், புகைபிடிப்போர் அப்பழக்கத்தை விட உதவும் அறிவுரை முதலியன அவற்றுள் அடங்கும். கழகத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவரிடம் இவற்றைப் பெறுவோர் தம் கையிலிருந்து கட்டணம் கொடுக்கவேண்டுவதில்லை.

அவ்வாறாயின் எல்லாச் சோதனைகளும் இலவசமோ? அன்று. சோதனைகள் சில நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்யும். இல்லாத நோயை உண்டென்று காட்டி, வேண்டாத அறுவைக்கு வழிசெய்வதும் உண்டு. ஆகவே, 1984 இல் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு ஒன்று ஆராய்ச்சிச் சான்றுகளை நிறுத்துப் பார்த்து ஒவ்வொரு பணிக்கும் ஒரு தரம் வழங்குகின்றது. முதல் இரண்டு தரங்களைப் பெற்றவை கட்டணமின்றிக் கிடைக்கும். புதிய சான்று கிடைக்குந்தோறும் விதி மாறும். பெருங்குடற் சோதனையை 50 வயதில் தொடங்குக என்றிருந்த அக்குழு, இளையோரிடம் அந்நோய் மிகுவது கண்டு, 2021 இல் அவ்வயதை 45 ஆகக் குறைத்தது. குழுவினரின் நியமனம் முறையானதன்று என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். 2025 ஆம் ஆண்டு சூன் 27 ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியமனம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

சட்டம் இருந்தும் இடர்ப்பாடுகள் முற்றும் நீங்கவில்லை. ஒரே சோதனை, நோய்க்குறி இல்லாதவர்க்குச் செய்யப்படின் முன்காப்பு ஆகும். நோய்க்குறி கண்டபின் செய்யப்படின் சிகிச்சையின் பகுதியாகிக் கட்டணம் விதிக்கப்படலாம். மலச்சோதனையில் ஐயம் தோன்றியபின் குடலுக்குள் கருவி செலுத்திப் பார்ப்பதும் முன்காப்பே என்னும் தெளிவு 2022 இல்தான் பிறந்தது. காப்பீடே இல்லாதவர்க்கோ இச்சட்டப் பிரிவு துணையாவதில்லை. தமக்கு உரிமை உண்டென அறியாதவரும் அதன் பயனை இழக்கின்றனர்.

யப்பான் நாடு இக்கடைசிக் குறைக்கு ஒரு வழி கண்டது. 40 முதல் 74 வயது வரையுள்ள உறுப்பினர்க்குச் சிறப்பு உடற்சோதனை நடத்துவதை 2008 ஏப்பிரல் முதல் அந்நாடு காப்பீட்டு நிறுவனங்களின் கடமையாக்கியது. இரத்தம், அழுத்தம் இவற்றோடு இடையின் சுற்றளவும் அளக்கப்படுகின்றது. ஆடவர்க்கு 85 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 90 சென்டிமீட்டரும் எல்லையாகும். இவ்வெல்லையைக் கடந்து, நீரிழிவு முதலியன வரும் அறிகுறியும் உடையவர்க்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை வழங்கப்படுகின்றது. மக்கள் வரட்டும் என்று காத்திராமல், காப்பீடே அவர்களை அழைக்கின்றது.

வருமுன் காக்கும் பணிகள் எல்லாம் செலவைக் குறைத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. சில பணத்தை மிச்சப்படுத்தும். பல சற்றே செலவு வைக்கும். ஆயின், அச்செலவு வாங்கித் தருவது குழந்தைக்குத் தாயையும், குடும்பத்துக்கு உழைப்பாளியையும், மனிதர்க்கு நல்வாழ்வையும் அன்றோ? நோயுற்றவனைத் தாங்குவது காப்பீட்டின் முதற்கடமை. நோயுறாமல் காப்பது அதனினும் உயர்ந்த கடமை. அக்கடமையை நிறைவேற்றச் சட்டம் கதவைத் திறந்து வைக்கலாம். உரிய காலத்தில் அதனுட் செல்லவேண்டியவர் மக்களே.